ஏழு நாள் மாத்திரை

இடுப்பு பிடித்துக்கொண்டது, கழுத்தைத் திருப்ப முடியவில்லை என்று போய் நின்றால் பெரும்பாலும் கைக்கு வருவது ஒரு கூட்டு மாத்திரை. அட்டையின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தால் இரண்டு மூன்று பெயர்கள் இருக்கும். அசிக்ளோஃபினாக் 100 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி., அவற்றோடு குளோர்சாக்சசோன், டிசானிடின், தயோகால்சிகோசைடு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று. முதல் இரண்டும் வலி நிவாரணிகள், நமக்கு ஓரளவு பழக்கமானவை. மூன்றாவதுதான் தசைத் தளர்த்தி. அதைப் பற்றி யாரும் நமக்கு எதுவும் சொல்வதில்லை. நாமும் கேட்பதில்லை.

அந்த மருந்து பிடித்துக்கொண்ட தசைக்குப் போய் அதைத் தளர்த்துகிறது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அது வேலை செய்யும் இடம் மூளையும் தண்டுவடமும். இந்த ஒரு உண்மை மனத்தில் பதிந்துவிட்டால், எப்போது சாப்பிடலாம், எதோடு சேர்க்கக் கூடாது, எத்தனை நாளில் நிறுத்த வேண்டும் என்பவற்றில் பெரும்பாலானவை தாமாகவே விளங்கிவிடும்.

பிடிப்பு எப்படி உண்டாகிறது?

குனிந்து கேஸ் சிலிண்டரைத் தூக்கும்போது முதுகில் சுரீர் என்கிறது. உள்ளே ஒரு தசைநார் இழுபட்டிருக்கலாம், முதுகெலும்பின் ஒரு சிறு மூட்டு எரிச்சலடைந்திருக்கலாம். அங்கிருந்து வலிச் செய்தி தண்டுவடத்துக்குப் போகிறது. மூளையின் உத்தரவுக்குக் காத்திராமல், தண்டுவடத்தில் இருக்கும் இயக்க நரம்பணுக்கள் சுற்றியுள்ள தசைகளை இறுக்கச் சொல்கின்றன. அடிபட்ட இடம் மேலும் அசையாமல் இருக்க உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு இது. ஆனால் இறுகிய தசையே வலிக்கத் தொடங்குகிறது, அந்த வலி மேலும் இறுக்கத்தைக் கேட்கிறது. மருத்துவர் முழங்காலுக்குக் கீழே சிறு சுத்தியலால் தட்டினால் கால் தானாக உதைக்கிறதே, அதைப் போன்ற ஓர் அனிச்சைச் சுற்றுதான் இங்கேயும் இயங்குகிறது.

தசையை இறுக்கும் நரம்பணுக்களுக்கு எதிராகத் தண்டுவடத்தில் தடுப்பு நரம்பணுக்களும் உண்டு. காபா, கிளைசின் என்னும் இரண்டு வேதிப்பொருள்களைச் சுரந்து, ஓடும் வண்டிக்குப் பிரேக் போடுவதுபோல் அவை இறுக்கத்தை அடக்கிவைக்கின்றன. இந்தத் தடை போய்விட்டால் என்ன ஆகும் என்பதை எட்டி விதை காட்டும். அதிலுள்ள ஸ்ட்ரிக்னின் கிளைசினின் வேலையைக் கெடுக்கிறது. உடனே உடல் முழுவதும் தசைகள் வில்லாக வளைந்து இறுகுகின்றன. டெட்டனஸ் கிருமியின் நஞ்சும் காபா, கிளைசின் இரண்டின் சுரப்பையும் தடுத்துத்தான் தாடையைப் பூட்டிவிடுகிறது.

தசைத் தளர்த்திகளில் பெரும்பாலானவை இந்தத் தடையை ஏதோ ஒரு வழியில் வலுப்படுத்துகின்றன. பாக்லோஃபென் காபாவின் ஒருவகை ஏற்பிகளில் ஒட்டிக்கொள்கிறது. டிசானிடின் நார்அட்ரினலின் வழியாக வரும் தூண்டலைக் குறைக்கிறது. குளோர்சாக்சசோன் தண்டுவடத்திலும் மூளையின் கீழ்ப்பகுதிகளிலும் அனிச்சைச் சுற்றுகளை மந்தப்படுத்துகிறது. நேரடியாகத் தசைக்குள் போய் வேலை செய்யும் டான்ட்ரோலின் போன்றவை விதிவிலக்கு. அறுவை சிகிச்சையின்போது மயக்க மருத்துவர் ஊசியில் போடும் தளர்த்திகள் முற்றிலும் வேறு குடும்பம். அவை மூச்சுத் தசையையும் சேர்த்தே செயலிழக்கச் செய்பவை, செயற்கைச் சுவாசக் கருவி இல்லாமல் அவற்றைத் தொட முடியாது.

மாத்திரையில் இருக்கும் மருந்துக்கு இடுப்புத் தசை எது, விழித்திருக்க வைக்கும் மூளைப் பகுதி எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரத்தத்தில் கலந்து எல்லா இடத்துக்கும் போகிறது. ஆகவே அசதியும் தூக்கமும் எதிர்பாராமல் வந்து சேர்ந்த பக்கவிளைவுகள் அல்ல. தசையைத் தளர்த்தும் அதே செயலின் மறுபக்கம் அவை.

பெனிசிலினில் தொடங்கிய கதை

இந்தக் குடும்பத்தின் வரலாறே அதற்குச் சான்று. 1940களில், செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து பிரிட்டனுக்கு வந்த ஃபிராங்க் பெர்கர் என்ற ஆய்வாளர் பெனிசிலினைக் கெட்டுப்போகாமல் காக்கும் வேதிப்பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். சோதித்த பொருள்களில் ஒன்றைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் கால்கள் துவண்டன, ஆனால் எலிகள் விழித்தே இருந்தன. சிறிய அளவில் கொடுத்தால் பரபரப்பு அடங்கி அமைதியாக இருந்தன. மெஃபெனசின் என்ற அந்தப் பொருளைப் பற்றி 1946-ல் அவர் எழுதினார். பிறகு அமெரிக்கா சென்று அதைப் போன்ற, ஆனால் நீண்ட நேரம் செயல்படும் ஒரு மருந்தை உருவாக்கினார். 1955-ல் விற்பனைக்கு வந்த மெப்ரோபமேட் தசைக்காக அல்ல, மனப்பதற்றத்துக்காகவே உலகப் புகழ் பெற்றது.

அதே வழியில் வந்த கரிசோப்ரொடால் என்ற தசைத் தளர்த்தி 1959 முதல் அமெரிக்காவில் விற்கப்பட்டது. உடலுக்குள் போனதும் அதில் ஒரு பகுதி மெப்ரோபமேட்டாக மாறுகிறது. முதுகுவலிக்கென்று தொடங்கியவர்கள் பலர் அந்த மருந்துக்கு அடிமையானார்கள். 2007-ல் ஐரோப்பிய மருந்து முகமை அதன் விற்பனையை நிறுத்தப் பரிந்துரைத்தது. 2012-ல் அமெரிக்கா அதைக் கட்டுப்பாட்டுக்குரிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. பதற்றத்தை அடக்கும் மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் ஒரே கொடியில் காய்த்தவை என்பதை இந்த வரலாறு மறக்கவிடாது.

செங்காந்தள் தரும் மருந்து

நம் மருந்துக் கடைகளில் அதிகம் புழங்கும் தயோகால்சிகோசைடுக்குத் தமிழ்நாட்டோடு நேரடி உறவு உண்டு. நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலிருந்து எடுக்கப்படும் கால்சிகோசைடை வேதிமாற்றம் செய்துதான் அந்த மருந்து உருவாகிறது. கண்வலிக்கிழங்கு என்று விவசாயிகள் அழைக்கும் இந்தக் கொடி மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி வட்டாரங்களில் பணப்பயிர். பூவின் சூலகத் தண்டு மகரந்தத் தாள்களை விட்டு விலகிப் பக்கவாட்டில் மடங்கியிருப்பதால் தானாகச் சூல்பிடிப்பது குறைவு. அதனால் காலையில் பூ விரிந்ததும் ஆட்கள் வரிசை வரிசையாகப் போய் ஒவ்வொரு பூவிலும் மகரந்தத்தைக் கையாலேயே தொட்டு வைக்கிறார்கள். இந்த உழைப்பில் விளையும் விதை வெளிநாட்டு மருந்து ஆலைகளுக்கும் ஏற்றுமதியாகிறது.

செங்காந்தளின் கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு. அதற்குக் காரணம் அவற்றிலுள்ள கால்சிசின். நம் உடலின் ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது 46 குரோமோசோம்களும் நகலெடுக்கப்பட்டு, நுண்ணிய இழைகளால் இரு பக்கமும் சரிசமமாக இழுக்கப்படுகின்றன. அந்த இழைகள் உருவாகாமல் கால்சிசின் தடுத்துவிடும். விதையில்லாத் தர்பூசணியை உருவாக்கும் வேளாண் விஞ்ஞானிகள் தாய்ச் செடியின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கப் பயன்படுத்துவதும் இதே கால்சிசினைத்தான்.

தயோகால்சிகோசைடு இந்தக் குணத்தை விட்டுவிட்ட மருந்தாகவே நெடுநாள் கருதப்பட்டது. ஆனால் உடல் அதைச் சிதைக்கும்போது உண்டாகும் ஒரு பொருள், பிரியும் செல்களில் குரோமோசோம் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்துவிடக்கூடும் என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டின. அதுவும் எட்டாத பெரிய அளவில் அல்ல. அனுமதிக்கப்பட்ட உச்ச அளவில் மாத்திரை சாப்பிடுபவரின் இரத்தத்தில் வரக்கூடிய செறிவிலிருந்து வெகுவாக விலகாத அளவிலேயே இது நிகழ்ந்தது. குரோமோசோம் கணக்கு தவறினால் கருவுக்குத் தீங்கு நேரலாம், ஆண்களின் கருவளம் குறையலாம், நெடுங்காலம் தொடர்ந்தால் கோட்பாட்டளவில் புற்றுநோய் வாய்ப்பும் கூடலாம்.

எனவே ஐரோப்பிய மருந்து முகமை 2013 நவம்பரில் தெளிவான எல்லைகளை வகுத்தது. மாத்திரையாக என்றால் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை அதிகபட்சம் 8 மி.கி., 7 நாளுக்கு மேல் கூடாது. ஊசியாக என்றால் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 4 மி.கி., 5 நாளுக்கு மேல் கூடாது. 16 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது. நாள்பட்ட வலிக்குப் பயன்படுத்தக் கூடாது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், கருத்தடை முறை எதையும் பின்பற்றாத, கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்கள் தவிர்க்க வேண்டும். வலிப்பு நோய் உள்ளவர்களும் மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும், இந்த மருந்து வலிப்பைத் தூண்டக்கூடும்.

ஏழு நாள் சாப்பிட்டவர் இதைப் படித்து அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது, பழைய சீட்டை எடுத்துப் போய் மாதக் கணக்கில் வாங்கிச் சாப்பிடும் பழக்கத்தைப் பார்த்து. போன வருடம் கழுத்துவலிக்குக் கேட்டது என்று அதே அட்டையைப் புதிதாகத் திருமணமான மகளுக்குக் கொடுக்கும் வீடுகள் உண்டு. அந்த எல்லைகள் வகுக்கப்பட்டதே இதைத் தடுக்கத்தான்.

2 மி.கி. 20 மி.கி. ஆகும்போது

டிசானிடினின் ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது. இந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் வேலையைக் கல்லீரலில் உள்ள ஒரு நொதி கிட்டத்தட்டத் தனியாளாகச் செய்கிறது. சிறுநீர்த் தொற்றுக்கும் வயிற்றுப்போக்குக்கும் நம் ஊரில் தாராளமாக எழுதப்படும் சிப்ரோஃபிளாக்சசின் அந்த நொதியை முடக்கிவிடும். ஃபின்லாந்தில் ஹெல்சிங்கி ஆய்வாளர்கள் 2004-ல் ஆரோக்கியமான தன்னார்வலர்களிடம் இதை அளந்து பார்த்தார்கள். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டபோது உடல் சந்தித்த டிசானிடினின் மொத்த அளவு சுமார் 10 மடங்கானது. அதாவது 2 மி.கி. சாப்பிட்டவர் உடலளவில் 20 மி.கி. சாப்பிட்டவர் ஆகிறார். இரத்த அழுத்தம் சரிந்தது, தூக்கம் அழுத்தியது. எண்ணச் சுழற்சி நோய்க்குத் தரப்படும் ஃபுளுவாக்சமினோடு சேர்ந்தால் 33 மடங்கு. இந்த இரண்டோடும் டிசானிடினைச் சேர்க்கவே கூடாது என்று அதன் விவரக் குறிப்பிலேயே தடை இருக்கிறது.

இதில் கவலை தரும் விஷயம், இந்தச் சேர்க்கை ஒரே மருத்துவரின் சீட்டில் நடப்பது குறைவு. இடுப்புக்கு ஒருவரிடமும் சிறுநீர் எரிச்சலுக்கு இன்னொருவரிடமும் போகிறோம். இருவருக்கும் மற்றவர் எழுதியது தெரியாது. கூட்டு மாத்திரையின் பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது வணிகப் பெயர்தான், டிசானிடின் என்ற சொல் கீழே பொடி எழுத்தில். ஆகவே இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துப் போவதைவிட நல்ல தற்காப்பு வேறில்லை.

டிசானிடின் இரத்த அழுத்தத்தையும் இறக்கும். அழுத்தத்துக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். முதலில் உட்கார்ந்து, சற்று நேரம் கால்களைத் தொங்கவிட்டு, பிறகு எழுந்து நிற்க வேண்டும். தொடர்ந்து சாப்பிடுபவர்களில் சுமார் 100-ல் 5 பேருக்குக் கல்லீரல் நொதி அளவுகள் உயர்வதால், நீடித்துத் தருவதானால் இரத்தப் பரிசோதனை தேவை. குளோர்சாக்சசோனும் அரிதாகக் கல்லீரலைக் கடுமையாகத் தாக்கியிருக்கிறது. அதைச் சாப்பிடும்போது சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது மருந்தின் சிதைவுப் பொருளால், பயப்பட வேண்டாம். ஆனால் கண் மஞ்சளாவதும், பசியே இல்லாமல் வாந்தி வருவதும், காரணமில்லாத காய்ச்சலும் உடனே மருந்தை நிறுத்தி மருத்துவரிடம் ஓட வேண்டிய அறிகுறிகள்.

சட்டென்று நிறுத்தக் கூடாத மருந்து

பக்கவாதம் வந்தவரின் கை மடங்கி இறுகிவிடுவதும், தண்டுவடத்தில் அடிபட்டவரின் கால் விறைத்துக் குறுக்கிக்கொள்வதும் சாதாரணப் பிடிப்பு அல்ல. மேலிருந்து வரும் கட்டுப்பாடு அறுந்ததால் உண்டாகும் நிரந்தர விறைப்பு அது. அவர்களுக்குப் பாக்லோஃபென் மாதக்கணக்கில், சிலருக்கு ஆயுள் முழுவதும் தேவைப்படும். 1962-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், சீபா நிறுவனத்தின் வேதியியலாளர் ஹைன்ரிஷ் கெபர்லே இதை வலிப்பு நோய்க்காக உருவாக்கினார். வலிப்புக்கு அது உதவவில்லை, விறைப்புக்கு உதவியது.

இங்கே எச்சரிக்கை தலைகீழ். ஏழு நாளில் நிறுத்து என்பதல்ல, நினைத்தபோது நிறுத்தாதே என்பதே விதி. நாள்தோறும் வெளியிலிருந்து வரும் தடைக்குப் பழகிப்போன நரம்பு மண்டலம், அது திடீரென்று நின்றதும் கட்டவிழ்ந்து கொதிக்கும். மனக்குழப்பம், இல்லாதது தெரிதல், வலிப்பு, கடும் காய்ச்சல், முன்னைவிட மோசமான விறைப்பு என உயிருக்கே ஆபத்தாகலாம். டிசானிடினை அதிக அளவில் நெடுநாள் சாப்பிட்டவர் சட்டென்று விட்டால் இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் எகிறும். அளவைப் படிப்படியாகக் குறைப்பது மருத்துவர் போட்டுத்தரும் கணக்குப்படிதான். ஊருக்குப் போகும்போது இந்த மாத்திரையைப் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பாக்லோஃபென் பெரும்பாலும் அப்படியே சிறுநீரில்தான் வெளியேறுகிறது. சிறுநீரகம் பழுதானவரின் உடலில் அது தேங்கி மூளையை மந்தமாக்கும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளிடம் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வில், ஒரு நாளைக்கு 20 மி.கி.க்குக் குறையாமல் தொடங்கியவர்களில் 1.11 சதவீதம் பேர் 30 நாளுக்குள் மனக்குழப்ப நிலையோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அதற்குக் குறைவாகத் தொடங்கியவர்களில் அது 0.42 சதவீதம். சர்க்கரை நோயால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் நிறைய இருக்கும் நம் ஊரில், பாக்லோஃபென் எழுதப்படும்போது கிரியாட்டினின் அளவைச் சொல்வது நோயாளியின் கடமையும்கூட.

வீட்டில் பார்க்க வேண்டியவை

மது எந்தத் தசைத் தளர்த்தியோடும் சேரக் கூடாது. இரண்டும் ஒரே மூளையை, ஒரே திசையில் மந்தப்படுத்துபவை. தூக்க மாத்திரை, அல்பிரசோலம் போன்ற பதற்ற மருந்துகள், நரம்பு வலிக்கான பிரிகாபாலின், சளிக்குச் சாப்பிடும் செட்டிரிசின், கோடீன் கலந்த இருமல் மருந்து ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கைதான். முதல் மாத்திரையை இரவில், வீட்டில் இருக்கும்போது சாப்பிட்டுப் பார்ப்பது நல்லது. உடல் எப்படி ஏற்கிறது என்று தெரியும்வரை இருசக்கர வண்டியை எடுக்க வேண்டாம். ஏணி, தறி, மாவு மில், அறுவை இயந்திரம் எதுவானாலும் அன்று ஓய்வு.

முதியவர்கள் தனிக் கவனம் கேட்கிறார்கள். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு குளோர்சாக்சசோன், மெத்தோகார்பமால், சைக்ளோபென்சாப்ரின் போன்றவற்றைத் தவிர்க்கும்படி அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பீர்ஸ் பட்டியல் சொல்கிறது. மயக்கமும் தடுமாற்றமும் சேர்ந்து, இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு முறை விழுந்தால் இடுப்பெலும்பு முறிகிறது. பல முதியவர்களின் படுத்த படுக்கை வாழ்க்கை தொடங்குவது அங்கேதான். முதுகுவலிக்குத் தந்த மருந்தால் அப்படி நேர்வதைத் தடுக்க முடியும் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கூட்டு மாத்திரையில் வலி நிவாரணி ஏற்கெனவே இருப்பதையும் மறக்கக் கூடாது. அசிக்ளோஃபினாக் உள்ளே இருக்கும்போது மேலே ஒரு டைக்ளோஃபினாக்கோ ஐபுபுரோஃபெனோ போட்டால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் நெருங்கி வரும். காய்ச்சலும் இருக்கிறது என்று 650 மி.கி. பாராசிட்டமாலைச் சேர்க்கும் முன் மொத்தத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும். வலி போகவில்லை என்று இரண்டு கூட்டு மாத்திரையை ஒன்றாகப் போடுபவர் மூன்று மருந்துகளையும் சேர்த்தே இரட்டிப்பாக்குகிறார்.

கிடைக்கும் பயன் எவ்வளவு?

இத்தனை எச்சரிக்கைக்கும் ஈடாக என்ன கிடைக்கிறது என்று கேட்பது நியாயம். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 31 பரிசோதனைகளைத் தொகுத்து 2021-ல் வெளியிட்ட கணக்கின்படி, திடீர் இடுப்பு வலியில் தசைத் தளர்த்திகள் முதல் இரண்டு வாரத்துக்குள் வலியை 100-க்குச் சுமார் 8 புள்ளி குறைத்தன. நோயாளியால் பெரிதாக உணர முடியாத வித்தியாசம் அது. அந்தக் கணக்கின் உறுதியும் மிகக் குறைவு என்று அவர்களே குறித்தார்கள். நியூயார்க்கில் 323 பேரிடம் நடத்தி 2015-ல் வெளியான ஆய்வில், நாப்ராக்சன் என்ற வலி நிவாரணியை மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் அதோடு சைக்ளோபென்சாப்ரின் சேர்த்தவர்களுக்கும் ஒரு வாரத்துக்குப் பின் வித்தியாசமே தெரியவில்லை.

வலியில் புரண்டு தூங்க முடியாதவருக்கு இரண்டு மூன்று இரவு நிம்மதியாக உறங்க இந்த மருந்து உதவலாம், அது சிறிய உதவி அல்ல. ஆனால் இடுப்பைக் குணப்படுத்துவது அது இல்லை. திடீர் முதுகுவலிகளில் பெரும்பாலானவை சில வாரங்களில் தாமாகவே குறைகின்றன. படுத்தே கிடக்காமல் முடிந்த அளவு நடப்பதும், சூடு ஒத்தடமும், வலி தணிந்தபின் இயன்முறை மருத்துவர் சொல்லித்தரும் பயிற்சிகளும்தான் அந்தக் குணத்தைக் கூட்டி வருகின்றன.

சில வலிகளை எந்த மாத்திரையாலும் மூடக் கூடாது. சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் போவது, தொடைகளின் உள்பக்கமும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப் போவது, காலில் பலம் குறைந்துகொண்டே வருவது, முதுகுவலியோடு காய்ச்சல், காரணமின்றி எடை குறைவது, விழுந்தபின் வரும் கடும் வலி, முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக வரும் முதுகுவலி. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதல் இரண்டும் மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய அவசரங்கள்.

இந்த மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்ற எச்சரிக்கை அட்டையிலேயே ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கிறது. எத்தனை நாள், யாருக்குக் கூடாது என்ற வரிகள் தமிழில் இல்லை. மருந்து விற்கும் மாநிலத்தின் மொழியில் அவை அச்சாக வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. அதுவரை அந்த வரிகளைச் சீட்டில் எழுதி வாங்குவது நம் கையில் இருக்கிறது. இதில் தசைத் தளர்த்தி எது, எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும், நான் சாப்பிடும் மற்ற மருந்துகளோடு சேருமா என்று மூன்று கேள்விகள் போதும், கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது. திடீர் பிடிப்புக்கு எழுதிய சீட்டில் நிறுத்தும் தேதி இல்லை என்றால் அந்தச் சீட்டு இன்னும் எழுதி முடியவில்லை. மருத்துவரிடம் திருப்பி நீட்டித் தேதியைப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.